பதினெட்டாவது குழி

தூசி அடங்கியதும் வெடிக்காரம்மாவின் கண் நேராக வரிசையின் கடைசிக்குத்தான் போனது. வெடிமருந்து நிரப்பிய பதினேழு குழிகள் வெடித்துப் பாறை சரிந்து குவிந்து கிடந்தது. பதினெட்டாவது குழி இருந்த இடத்தில் மட்டும் ஒரு பாறைத் திட்டு அசையாமல் நின்றது. அதன் உச்சியில், குழிக்குள்ளிருந்து வெளியே வந்த இரண்டு மஞ்சள் கம்பிகள் காற்றில் ஆடிக்கொண்டிருந்தன.



அந்தச் சுண்ணாம்புக்கல் குவாரியில் பதினோரு வருஷமாக வெடி வைப்பவள் அவள்தான். வந்த புதிதில், "பொம்பள வெடி வச்சா பூவாத்தான் கொட்டும்" என்று கிண்டல் பேசியவர்கள் இப்போது அவள் கையைக் காட்டினால்தான் காலை எடுத்து வைப்பார்கள். இத்தனை வருஷத்தில் அவள் நிரப்பிய குழி ஒன்றுகூட வெடிக்காமல் நின்றதில்லை. இதுதான் முதல் தடவை.

ஆபத்து நீங்கிவிட்டது என்று சொல்லும் நீளச் சைரனை அவள் அழுத்தவில்லை. முந்நூறு மீட்டர் தள்ளி இருந்த தகரக் கொட்டகைக்குள் காத்திருந்தவர்களுக்கு அதுவே விஷயத்தைச் சொல்லிவிட்டது.

அவள் கொட்டகைக்கு வந்ததும், "எத்தனை?" என்றார் மேனேஜர்.

"ஒண்ணு, சார். கடைசிக் குழி. அரை மணி நேரம் யாரும் நகரக் கூடாது. செல்போன், வாக்கி-டாக்கி எல்லாத்தையும் அணைச்சுடுங்க, அதோட அலை பட்டாக்கூட வெடிக்கலாம்."

கொட்டகையில் மொத்தம் ஆறு பேர். மேனேஜர், துளை போடும் இரண்டு ஆட்கள், அவள், அவள் தம்பி, சிப்பி டாக்டர். தம்பி பொக்லைன் ஓட்டுகிறவன். அந்த இயந்திரக் கையைத் தூங்கும் குழந்தையைத் தூக்குவதுபோல அத்தனை மெதுவாக நகர்த்துவான். அதனால் கிண்டலுக்கு எல்லாரும் அவனை எக்ஸ்பிரஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். சிப்பி டாக்டர் அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கும் அம்மாள். பழங்காலத்து எலும்புகளைப் படித்தவர். இரண்டு மாதமாக வாரம் ஒரு முறை வந்து, மேனேஜரிடம் அனுமதி வாங்கி, கல்லுக்குள் இருக்கும் சிப்பிகளைப் பொறுக்கிக்கொண்டு போவார். அவர் தேடியது வேறு. கிடைத்தது சிப்பி மட்டும்தான். அந்தப் பேர் அப்படி ஒட்டிக்கொண்டது.

சும்மா நிற்க முடியாமல் எக்ஸ்பிரஸ் டாக்டரின் தொலைநோக்கியை வாங்கித் திட்டைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தவன் திடீரென்று குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா, அந்தத் திட்டோட பக்கவாட்டுல யாரோ படுத்திருக்காங்க."

"உளறாதடா. காலைல நானே சுத்திப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

"சத்தியமாக்கா. பல்லு தெரியுது."

டாக்டர் தொலைநோக்கியை அவன் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கினார். பார்த்தார். பிறகு, தடுப்புக் கயிற்றைத் தாண்டி ஒரு அடி எடுத்து வைத்தார். வெடிக்காரம்மா அவர் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள்.

"எங்க போறீங்க?"

"தலை... முழுத் தலை. முதுகெலும்பு வரிசை கலையாம இருக்கு. ஐயோ, துடுப்புகூட இருக்கு!"

வெடிக்காரம்மா தானும் வாங்கிப் பார்த்தாள். பக்கத்துக் குழி வெடித்ததில் மேல் அடுக்குப் பாறை உரிந்து போய், உள்ளே சாய்வாக இருந்த ஒரு பலகைப் பாறை வெளியே தெரிந்தது. அதன்மேல் மூன்று ஆள் நீளத்துக்கு ஒரு பிராணி கிடந்தது. மேல் மூலையில் நீண்ட தாடை, கட்டைவிரல் பருமனில் வளைந்த பற்கள். அங்கிருந்து முதுகெலும்பு சரிவாக இறங்கி வந்தது. வால் முடியும் இடத்துக்கும் அந்தக் குழியின் அடிப்பாகத்துக்கும் நடுவே ஒரு முழம்கூட இருக்காது.

"டைனோசரா, டாக்டர்?" என்று கேட்டார் மேனேஜர்.

"இல்ல சார். டைனோசர் தரையில திரிஞ்ச காலத்துல கடல்ல இருந்த பல்லி. உடும்புக்குத் தூரத்துச் சொந்தம். அன்னிக்கு நாம நிக்கற இடம் கடலோட அடித்தரை." அவர் தொலைநோக்கியைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். "ஒரு பல்லு கிடைச்சாப் போதும்னுதான் வந்துட்டிருந்தேன். இந்த முதுகெலும்பு ஒவ்வொண்ணும் டம்ளர் அளவுக்கு இருக்கும்."

"டம்ளர் கல்லா?" என்றான் எக்ஸ்பிரஸ். "ரெண்டு பக்கமும் லேசாக் குழிஞ்சு, வட்டமா இருக்குமே, அதுவா? அது நிறைய வருமே மேடம். லோடு லோடா அரவைக்குப் போட்டிருக்கேன்."

டாக்டர் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் வாயை மூடிக்கொண்டான். அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. குனிந்து காலடியில் கிடந்த கற்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

வெடிக்காரம்மாவுக்குச் சுருக்கென்றது. அரவைக்கு அனுப்பியது தம்பி என்றால், அதற்கு முன்னால் உடைத்துக் கொடுத்தது யார்? வாரத்துக்கு இரண்டு வெடி, பதினோரு வருஷம். மேலே கணக்குப் போட அவளுக்கு மனசு வரவில்லை.

அரை மணி நேரம் கழிந்ததும் கம்பியைச் சோதிக்கும் மீட்டரை எடுத்துக்கொண்டு தனியாகத் திட்டுக்குப் போனாள். பின்பக்கம் குவாரியின் மேல்தளத்தோடு ஒட்டியிருந்ததால் நடந்தே போக முடிந்தது. கம்பிகளின் நுனியை மீட்டரில் கொடுத்தாள். முள் அசையவே இல்லை. உள்ளே எங்கேயோ கம்பி அறுந்திருக்கிறது. திரும்ப மின்சாரம் கொடுத்து வெடிக்க வைக்கும் வழி அடைபட்டுவிட்டது. வேறு மின்சாரம் எதுவும் ஏறிவிடாதபடி நுனிகளை ஒன்றோடொன்று முறுக்கிவிட்டு நிமிர்ந்தபோது மேற்கே பார்த்தாள். மேகம் கறுத்துக்கொண்டு வந்தது.

மேனேஜரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். "மின்னல் இறங்கினா அது வெடிச்சுடும், அதுக்கு முன்னாடி முடிச்சாகணும். பக்கத்துல இன்னொரு துளை போட்டு, மருந்து வச்சுச் சேத்து வெடிச்சுடுங்க. சட்டத்துல இருக்கறதுதானே?"

"அப்படிச் செஞ்சா அது தூளாயிடும்!" என்றார் டாக்டர்.

"எனக்கும் வருத்தம்தான் மேடம். ஆனா அந்தப் பல்லி எப்பவோ செத்துப்போச்சு. என் ஆளுங்க உயிரோட இருக்காங்க."

அதில் தப்புச் சொல்ல ஒன்றும் இல்லை. துளை போடும் ஆட்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இன்னும் வெடிக்காத மருந்துக்குப் பக்கத்தில் நின்று பாறையை அதிரவைக்கப் போவது அவர்கள்தான்.

"சார், சட்டத்துல இன்னொரு வழியும் இருக்கு" என்றாள் வெடிக்காரம்மா. "குழியில போட்டது டீசல் கலந்த உப்பு மருந்து. தண்ணி பட்டாக் கரைஞ்சு வீணாப்போயிடும். வாயில அடைச்ச ஜல்லிய அலசி எடுத்துட்டு, மருந்தக் கரைச்சு வெளிய விட்டுடலாம். அடியில இருக்கற தோட்டாவும், மருந்தத் தூண்டிவிட அதுக்குள்ள சொருகின டெட்டனேட்டரும்தான் மிச்சம். அதையும் தண்ணிவிட்டே மேல கொண்டுவரப் பாக்கலாம்."

"எவ்வளவு நேரம்?"

"ரெண்டு மணி நேரம். துளை போட ரெண்டு பேர அங்க நிறுத்தணும். இதுக்கு நான் ஒருத்தி போதும்."

எக்ஸ்பிரஸ் வெடித்தான். "உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? ஒரு கல்லுப் பல்லிக்காக அங்க போய் நிப்பியா? நாளைக்கு மாமா என்னைத்தான் கேப்பாரு, நீ பக்கத்துல இருந்து என்னடா புடுங்கினேன்னு!"

"உங்க மாமாவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். நீ தண்ணி லாரியக் கொண்டா. இரும்பு முனை வேண்டாம், வெறும் பிளாஸ்டிக் குழாய் போதும்."

மேகம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று மேனேஜர் பார்த்தார். "சரி. ஆனா முதல் இடி கேட்டதும் நான் விசில் ஊதுவேன். மறு பேச்சு இல்லாம இறங்கி வந்துடணும்."

"வந்துடறேன் சார்."

தண்ணீர் லாரியை நூறு மீட்டர் பின்னால், மண் கரைக்கு அப்பால் நிறுத்தினார்கள். எக்ஸ்பிரஸ் வால்வுப் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் கையைத் தூக்கினால் திறக்க வேண்டும். தாழ்த்தினால் மூட வேண்டும். செல்போன், சாவிக்கொத்து, கைக்கடிகாரம் எல்லாவற்றையும் அவனிடமே கழற்றிக் கொடுத்துவிட்டு, குழாயைத் தோளில் போட்டுக்கொண்டு திட்டில் ஏறினாள்.

முதல் அரை மணி நேரம் ஜல்லிதான். குழாய் நுனியைக் குழியின் வாய்க்குள் விட்டு, மெல்லிய தண்ணீரில் அலசி அலசிக் கற்களை மேலே கொண்டுவந்தாள். அவசரப்பட்டுக் குத்தினால் கம்பியில் படும். வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. துடைக்கக் கையை எடுத்தால் தம்பி அதைச் சைகை என்று நினைத்துவிடுவான். கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டியே வேலை செய்தாள்.

பிறகு தண்ணீர் பால் நிறத்தில் வர ஆரம்பித்தது. மருந்து கரைகிறது. டீசல் வாடை மூக்கில் அடித்தது. அந்தத் தண்ணீர் திட்டின் விளிம்பைத் தாண்டிப் பலகைப் பாறையின்மேல் வழிந்து, எலும்புகள்மேல் ஒட்டியிருந்த வெள்ளைத் தூசியைக் கழுவிக்கொண்டு போனது. அவள் குனிந்து பார்த்தாள். ஈரத்தில் எலும்பு தேன்கட்டி நிறத்தில் மினுங்கியது. கண் இருந்த குழி அவளைப் பார்த்துத் திறந்திருந்தது. மேல் தாடைக்குள், அண்ணத்தில், இன்னொரு பல் வரிசை இருந்தது. வாய்க்குள் மாட்டியது எதுவும் வெளியே போயிருக்க முடியாது. இத்தனை நாள் இதைத்தானா உடைத்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது அவள் கை ஒரு நொடி தானாகவே நின்றது.

ஒன்றரை மணி நேரத்தில் தண்ணீர் தெளிந்துவிட்டது. பெரிய ஆபத்து கரைந்து போய்விட்டது. இனி அடியில் கிடக்கும் தோட்டாதான். கை அகலம்கூடக் கிடையாது, ஆனால் அதற்குள் டெட்டனேட்டர் இருக்கிறது. தண்ணீரைக் கூட்டச் சொல்லிக் கையை உயர்த்தினாள். குழாயை அடிவரை விட்டு, சுற்றிலும் தண்ணீரைச் சுழலவிட்டால் மெல்ல மெல்ல ஏறி வரும். மஞ்சள் கம்பி லேசாகத் தளர்ந்தது. நகர்கிறது.

அப்போது மேற்கே வானம் வெளிறி அடங்கியது.

அவள் எண்ணினாள். ஒன்று, இரண்டு... இருபதில் இடி உருண்டது. உடனே விசில் சத்தம்.

இறங்கியிருக்க வேண்டும். அவளுக்கு அது நன்றாகத் தெரியும். மற்றவர்கள் இப்படி நின்றிருந்தால் கழுத்தைப் பிடித்து இழுத்து வந்திருப்பாள். ஆனால் கம்பி இன்னும் ஒரு சாண் தளர்ந்தது. இருபது எண்ணிக்கை என்றால் தூரம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். விசில் விடாமல் கத்தியது. தம்பி கரைமேல் ஏறி நின்று இரண்டு கையையும் ஆட்டினான்.

அடுத்த மின்னல். இந்த முறை பன்னிரண்டு.

அவள் கையைத் தாழ்த்தினாள். தண்ணீர் நின்றது. எழுந்து திரும்பினாள். சிப்பி டாக்டர் மூச்சு வாங்கத் திட்டின்மேல் ஏறி வந்துகொண்டிருந்தார். கீழே கொட்டகை வாசலில் மேனேஜர் கத்துவது தெரிந்தது. சொற்கள் காற்றில் கரைந்துவிட்டன.

"ஏன் நிறுத்திட்டீங்க? இன்னும் ஒரு அஞ்சு நிமிஷம்... அஞ்சே நிமிஷம்மா! முடிஞ்சுடுச்சுல்ல? அந்தக் கம்பியப் பிடிச்சு இழுத்தா வந்துடாதா?"

"இழுத்தா நாமளும் கூடவே போயிடுவோம். இறங்குங்க."

"இப்படியே விட்டுட்டுப் போனா மின்னல்ல வெடிச்சுடும்னு மேனேஜர் சொன்னாரே!" டாக்டர் அழுதுகொண்டே கம்பியை நோக்கிக் குனிந்தார். தோளில் தொங்கிய பை முன்னால் ஆடியது. அதன் வெளிப் பையில் ஒரு செவ்வகம் புடைத்துக்கொண்டிருந்தது.

"அது என்ன, செல்போனா?"

டாக்டர் அப்படியே உறைந்தார். "ஆமா... அணைச்சு வைக்க மறந்து..."

வெடிக்காரம்மா டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடித்த பிடியில் வளையல் நொறுங்கியது. இழுத்துக்கொண்டு ஓடினாள். டாக்டர் ஒரு முறை தடுக்கி முழங்காலில் விழுந்தார். விட்டுவிடாமல் தரதரவென்று இழுத்தாள். எதிரே தம்பி ஓடி வருவதைப் பார்த்து, "திரும்புடா! திரும்பு!" என்று தொண்டை கிழியக் கத்தினாள். மண் கரைக்கு அந்தப் பக்கம் மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவராக விழுந்தார்கள்.

ஒன்று என்று எண்ணக்கூட நேரமில்லை. வெளிச்சமும் இடியும் சேர்ந்தே வந்தன. அந்த இடியின் வாலிலேயே, குவாரிக்குள் அவளுக்கு நன்றாகப் பழக்கமான இன்னொரு சத்தம் குட்டையாக, கோபமாகக் கேட்டது. சில கற்கள் கரையின் அந்தப் பக்கம் பொத்துப் பொத்தென்று விழுந்தன. பிறகு மழை.

யாரும் எழுந்திருக்கவில்லை. டாக்டர் சேற்றில் உட்கார்ந்து தன் கிழிந்த முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அஞ்சு நிமிஷம் கேட்டேன்" என்றார் கடைசியில். "நான் கேட்டேன்ல?"

"விடுங்க. நானும் விசில் சத்தம் கேட்டு வந்தவ இல்ல."

எக்ஸ்பிரஸ் அக்காவைத் திட்ட வாயைத் திறந்தான். திட்டு வரவில்லை, அழுகைதான் வந்தது. அவள் கடிகாரத்தையும் சாவிக்கொத்தையும் இன்னும் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து அவற்றை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை வெயிலில் அவளும் மேனேஜரும்தான் முதலில் போய்ப் பார்த்தார்கள். குழி சுத்தமாக வெடித்து ஓய்ந்திருந்தது. மருந்து முழுக்கக் கரைந்துவிட்டதால் வெடித்தது அடித்தோட்டா மட்டும். திட்டின் கீழ்ப்பகுதி பிளந்து சரிந்திருந்தது. பல்லியின் இடுப்பிலிருந்து கீழே ஒன்றும் இல்லை. வால் முழுக்கச் சில்லுச் சில்லாகச் சிதறிவிட்டது. மேலே தலை, மார்புக்கூடு, ஒரு முன் துடுப்பு எல்லாம் கீறல் விழாமல் இருந்தன. நீளச் சைரன் ஒலித்ததும் நொண்டிக்கொண்டே வந்த டாக்டர், விரலால் தொடாமல், உதட்டை அசைத்து எண்ணினார்.

"முப்பத்தோரு முதுகெலும்பு இருக்கு" என்றார். பிறகு குனிந்து வால் சில்லுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். துளை போடும் ஆட்கள் கேட்காமலேயே சாக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

அறிக்கையை வெடிக்காரம்மா அன்றைக்கே எழுதிக் கொடுத்தாள். தோட்டாவை இறக்கும்போது கம்பி பாறை விளிம்பில் உரசியிருக்க வேண்டும், அதைக் கவனிக்காதது தன் தவறு, விசில் ஊதிய பிறகும் இறங்காதது இரண்டாவது தவறு என்று இரண்டையும் எழுதியிருந்தாள்.

மேனேஜர் படித்துவிட்டு நிமிர்ந்தார். "ரெண்டாவத விட்டுடலாமே? அது நம்ம ஆறு பேரத் தாண்டி வெளிய தெரியாது."

"டாக்டர் ஓடி வந்தத எழுதல சார். அவங்க இந்த வேலைக்குப் புதுசு. எனக்கு அந்தச் சாக்கு இல்ல."

பத்து நாள் வெடி வைக்கும் வேலையிலிருந்து அவளை நிறுத்தி வைத்தார்கள். அந்தப் பத்து நாளும் அவள் டாக்டரோடுதான் இருந்தாள். எலும்பின்மேல் பசை பூசி, ஈரக் காகிதம் போட்டு, சாக்குத் துணியைச் சுண்ணச் சாந்தில் முக்கிச் சுற்றிச் சுற்றிக் கட்டினார்கள். சிறு உளியால் பாறையை அடியிலிருந்து வெட்டினார்கள். ஆயிரம் டன்னை அரை நொடியில் சாய்த்துப் பழகியவளுக்கு ஒரு சாண் பாறையை ஒரு நாள் முழுக்கச் செதுக்குவது முதலில் எரிச்சலாக இருந்தது. மூன்றாம் நாள் டாக்டர், "நீங்க என்னைவிடச் சுத்தமா வெட்டறீங்க" என்றார். அன்று சாயங்காலம் எல்லாரும் இறங்கிய பிறகும் வெடிக்காரம்மா உளியைக் கீழே வைக்கவில்லை.

பதினோராம் நாள் எக்ஸ்பிரஸ் பொக்லைன் வாளிக்குள் நான்கு மெத்தைகளை விரித்துக்கொண்டு வந்தான். பல்லியின் தலை இருந்த சாந்துக் கட்டியைத் தூக்கி லாரியில் வைக்க ஐம்பது நிமிஷம் எடுத்துக்கொண்டான். ஒருவரும் அவசரப்படுத்தவில்லை. கட்டி பலகைமேல் உட்கார்ந்தபோது மேனேஜரே கைதட்டினார். டாக்டர் முன் இருக்கையில் ஏற மறுத்து, பின்னால் கட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். லாரி நடை வேகத்தில் வாசலைத் தாண்டியது.

வெடிக்காரம்மா ஒரு சட்டி நிறையச் சுண்ணாம்பும் தூரிகையும் எடுத்துக்கொண்டு அடுத்த தளத்துக்கு ஏறினாள். அந்தப் பல்லி கிடந்த அடுக்கு பாறைச் சுவரில் எங்கே தலை காட்டுகிறது என்று இப்போது அவள் கண்ணுக்குத் தெரிந்தது. அதற்கு இரண்டு முழம் மேலே, சுவர் நெடுகிலும் ஒரு வெள்ளைக் கோடு இழுத்துக்கொண்டே போனாள். துளை இயந்திரத்தைக் கிளப்பப் போன ஆள் நின்று பார்த்தான்.

"என்னம்மா இது?"

"இந்தக் கோட்டுக்கு மேல மட்டும் துளை போடு. கீழ இருக்கறத நான் பாத்துட்டுச் சொல்றேன்."

"மேனேஜர் சொன்னாரா?"

"இல்ல" என்றாள் அவள், தூரிகையைச் சட்டியில் முக்கிக்கொண்டே. "நீ மேல போய் வேலையப் பாரு. அவர்கிட்ட நான் பேசிக்கறேன்."